தூசியை மேலேற்றும் இழைகள்

காலைக் கபத்தின் கறுப்பு

சென்னைப் புறநகர் மின்வண்டிகளில் பல வடக்கே தம் ஓட்டத்தை முடித்துக்கொள்ளும் கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உருக்கு உலையொன்றில் இரண்டாம் ஷிப்ட் முடித்து இரவு பத்து மணிக்கு வெளியே வருகிற ஒருவர், வீட்டிற்குப் போய்ச் சோப்புத் தேய்த்துக் குளித்து, மூக்கைச் சிந்தி, வாய் கொப்பளித்து, சோறுண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உறங்கி, மறுநாள் காலையில் பல் துலக்கும்போது காறித் துப்பினால், அந்தக் கபத்தில் கறுப்புக் கோடுகள் ஓடியிருப்பதைக் காண்கிறார். உலையை விட்டு வந்து எட்டு மணி நேரம் ஆயிற்று, அறைக்குள் புகையில்லை, நேற்றிரவே மூக்கையும் வாயையும் கழுவியாயிற்று. இந்தக் கறுப்பு இரவெல்லாம் எங்கே இருந்தது, நிமிர்ந்த குழலில் கீழே இறங்க வேண்டிய பொருள் எப்படி மேலே வந்தது என்ற கேள்வி அவருக்கும் அவர் வீட்டாருக்கும் எழாமல் இராது.

இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. மனிதன் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை, அதாவது 10 கன மீட்டரை, உள்ளே இழுத்து வெளியே விடுகிறான். இந்திய அரசு 2009-இல் வகுத்த காற்றுத் தர விதியின்படி ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராம் வரை தூசி இருக்கலாம். அந்த எல்லையிலேயே நிற்கும் காற்றைச் சுவாசிக்கிறவரும் நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் தூசியை உள்வாங்குகிறார். முப்பது வருஷங்களில் அது சுமார் 11 கிராம். உலையருகில் நிற்பவருக்கு இதைவிடப் பன்மடங்கு. இத்தனையும் தங்கிவிடுமானால் சுவாசப்பை என்றோ அடைபட்டிருக்க வேண்டும். அப்படியின்றி, பொங்கலுக்குச் சொந்த ஊர் சென்று நாலைந்து நாள் இருந்து திரும்பினால் கபம் வெளுத்துவிடுகிறது என்பதைத் தொழிலாளர்களே சொல்லுவார்கள். ஆகவே யாரோ, எதுவோ, இடைவிடாமல் இந்தச் சரக்கை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது.

குழலும் கிளைகளும்

தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது இரண்டாகப் பிரிகிறது. ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகிறது. இப்படியே இருபத்துமூன்று தடவை பிரிந்து, கடைசியில் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளில் முடிகிறது. முதல் பதினாறு பிரிவுகள் காற்றைக் கொண்டுசெல்லும் வழிகளே. அவற்றுக்கு அப்பால்தான் பிராணவாயு இரத்தத்திற்குள் நுழைகிறது. இந்த எல்லையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தின் சாரம் இதைச் சுற்றியே அமைகிறது.

தூசியின் பருமனே அது போய்ச் சேரும் இடத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் பெரும்பாலும் மூக்கின் மயிரிலும் வளைவுகளிலும் மாட்டிக்கொள்கின்றன. பத்துக்கும் இரண்டரைக்கும் இடைப்பட்டவற்றில் பல, குழல் பிரியும் ஒவ்வொரு கவையிலும் காற்றோடு சேர்ந்து திரும்ப மாட்டாமல் சுவரில் போய் மோதிப் படிகின்றன. அதனினும் நுண்ணியவை காற்றோடு திரும்பித் திரும்பி, கடைசி அறை வரை செல்ல வல்லவை. கறாரான எல்லைக் கோடுகள் அல்ல இவை. ஆனால் நம் விசாரணைக்குப் போதுமானவை.

இழையின் அமைப்பு

மூச்சுக்குழலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்களுள் பெரும்பகுதியின் தலைப்பில், உயிரணு ஒன்றுக்குச் சுமார் 200 வீதம், மிக நுண்ணிய இழைகள் நிற்கின்றன. பள்ளிப் புத்தகங்கள் இவற்றைச் சிலியா என்றும் குறுயிழை என்றும் சொல்லும். நாம் குற்றிழை என்போம். இதன் உயரம் 6 அல்லது 7 மைக்ரான். பருமன் ஒரு மைக்ரானில் கால்பங்கு. இவ்வளவு சிறிய பொருளுக்குள் ஓர் இயந்திரமே அமைந்திருக்கிறது. இழையைக் குறுக்கே வெட்டி மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், ஓரத்தில் வட்டமாக ஒன்பது இரட்டைக் குழல்களும் நடுவே இரண்டு ஒற்றைக் குழல்களும் தெரியும். ஒவ்வோர் இரட்டைக் குழலிலிருந்தும் சிறு கரங்கள் நீண்டு பக்கத்துக் குழலைப் பற்றி இழுக்கின்றன. குழல்கள் அடியில் கட்டுண்டிருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி ஓடிவிட முடியாது. இழுப்பு முழுவதும் வளைவாக மாறுகிறது. அந்தக் கரங்களாகிய புரதத்தை, குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்னும் ஓரணு உயிரியின் இழைகளிலிருந்து 1963-இல் பிரித்தெடுத்தவர் இயன் கிப்பன்ஸ். பின்னர் அதற்கு டைனீன் என்று பெயரிட்டார். குளத்துப் பிராணி நீந்துவதற்கு வைத்திருக்கும் அதே கருவி நம் மார்புக்குள்ளும் இருப்பது, சிருஷ்டியின் சிக்கனத்தை அறியாதவருக்கு ஆச்சரியமாகத் தோன்றலாம்.

ஆரோக்கியமான இழை வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து தடவை அடிக்கிறது. அடியிலும் இரண்டு பாகங்கள் உண்டு. தொண்டையை நோக்கி அடிக்கும்போது இழை விறைப்பாக நிமிர்ந்து செல்கிறது. திரும்பும்போது வளைந்து, சுவரையொட்டித் தாழ்ந்து வருகிறது. இந்த வேற்றுமை இல்லாவிட்டால் முன்னே தள்ளியதெல்லாம் பின்னே திரும்பிவிடும். வேற்றுமை பயன்தருவதற்குக் காரணம், சுவரின்மேல் இரண்டு அடுக்காக அமைந்திருக்கும் திரவம். அடியில், இழையின் உயரத்திற்குச் சமமான ஆழத்தில், இலேசான நீர். அதன்மேல் கோப்பை வடிவ உயிரணுக்களும் சுரப்பிகளும் சுரக்கும் பிசுபிசுப்பான கோழை. நிமிர்ந்த இழையின் நுனி கோழையின் அடிப்பரப்பைப் பற்றித் தள்ளுகிறது. தாழ்ந்த இழை நீருக்குள்ளேயே தடையின்றித் திரும்புகிறது. கோழை நல்ல நிலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு நீர்தான். மீதி மூன்று பங்கில் அடங்கிய நீண்ட சர்க்கரைப் புரதங்களே அதற்குப் பிசுக்கைத் தருகின்றன.

பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒரே கணத்தில் அடிப்பதில்லை. ஒன்றுக்கு ஒன்று இம்மியளவு பிந்தி அடிக்கின்றன. அதனால், பொன்னேரிப் பக்கத்து வயலில் கதிர் முற்றாத நெற்பயிர்மேல் கடற்காற்று வீசும்போது ஓடுமே ஓர் அலை, அத்தகைய அலை மூச்சுக்குழலின் சுவர் முழுவதும் ஓயாமல் ஓடுகிறது. நாம் உறங்கும்போதும் அது நிற்பதில்லை. நாளொன்றுக்கு ஓர் இழை அடிக்கும் அடிகள் பத்து லட்சத்துக்கும் மேல்.

ஒரு துகளின் பிரயாணம்

இனி நம் உலைத் தொழிலாளியிடம் திரும்புவோம். இரவு 9.30 மணிக்கு அவர் உள்ளிழுத்த மூச்சோடு 3 மைக்ரான் பருமனுள்ள இரும்புத் துரு மயமான ஒரு துகள் உள்ளே சென்று, பதினாறாவது பிரிவில், அதாவது இழைகள் உள்ள வழியின் அநேகமாகக் கடைசி எல்லையில், கோழையின்மேல் படிந்தது என்று கொள்வோம். அங்கிருந்து தொண்டைக்கு உள்ள தூரம் சுமார் 26 சென்டிமீட்டர். ஒரு ஜாணுக்குச் சற்று அதிகம்; எறும்பு சில வினாடிகளில் கடந்துவிடும்.

ஆனால் கோழையின் வேகம் எங்கும் ஒன்றல்ல. மேலே அகன்ற குழலில் நிமிஷத்துக்கு 5 மில்லிமீட்டர் அளவில் நகர்கிறது. கீழே நுண்கிளைகளில் அதன் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. நல்ல வேளை, கிளைகள் பல. அவை எல்லாம் ஒரே குழலில் வந்து கலக்கின்றன. கீழேயும் அதே வேகத்தில் கோழை ஓடிவந்தால் மேலே வழிந்து மூச்சே அடைபடும். கடைசி இரண்டரைச் சென்டிமீட்டரை நிமிஷத்துக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் கடப்பதாக வைத்துக்கொண்டால் 250 நிமிஷம் ஆகிறது. அடுத்த 5 சென்டிமீட்டரை நிமிஷத்துக்கு அரை மில்லிமீட்டராகக் கடந்தால் 100 நிமிஷம். பெரிய கிளைகளின் ஆறரைச் சென்டிமீட்டரை இரண்டரை மில்லிமீட்டர் வேகத்தில் கடக்க 26 நிமிஷம். மூச்சுக்குழலின் 12 சென்டிமீட்டருக்கு 24 நிமிஷம். கூட்டினால் 400 நிமிஷம்; ஆறு மணி நாற்பது நிமிஷம்.

இரவு ஒன்பதரைக்கு உள்ளே போன துகள் அதிகாலை நான்கேகாலுக்குச் சற்று முன் தொண்டையை எட்டுகிறது. உறக்கத்தில் இந்த ஓட்டம் மந்தப்படுவதையும், இருமல் அடங்கி, விழுங்குவதும் குறைந்துவிடுவதையும் சேர்த்துக்கொண்டால், ஆறு மணிக்குப் பல் துலக்குகையில் அது வெளிப்படுவதில் ஆச்சரியத்துக்கு இடமில்லை. இந்தப் பிரயாணத்தின்போது வழியில் நிற்கும் ஒவ்வோர் இழையும், வினாடிக்குப் பன்னிரண்டு வீதம், 2,88,000 தடவை அடித்திருக்கும். துகள் மேலே படிந்திருந்தால் அரை மணியிலேயே வந்திருக்கும். அதுதான் ஷிப்ட் முடிந்த கையோடு துப்பிய கறுப்பு. காலைக் கறுப்பு ஆழத்திலிருந்து வந்தது. வேகங்கள் ஆளுக்கு ஆள் மாறும். கணக்கின் அளவு மாறாது. இழைகள் உள்ள பகுதியில் படிந்த தூசி ஆரோக்கியமான சரீரத்தில் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் நீங்கிவிடுகிறது.

வாழைப்பழமும் வெல்லமும்

தூசியில் உழைக்கிறவர்கள் வேலை முடிந்ததும் வாழைப்பழமோ வெல்லமோ தின்றால் நெஞ்சில் உள்ள தூசி இறங்கிவிடும் என்ற நம்பிக்கை நம் நாட்டில் பஞ்சாலை முதல் சிமெண்டுக் கிடங்கு வரை பரவியிருக்கிறது. உணவு செல்லும் குழல் வேறு, மூச்சு செல்லும் குழல் வேறு என்று சொல்லி இதை எளிதாகத் தள்ளிவிடலாம். ஆயினும் நம்பிக்கையில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தொண்டையை எட்டிய கோழையில் நாம் துப்புவது சிறு பங்கே. மீதியை அறியாமலே விழுங்கிவிடுகிறோம். மூச்சில் போன தூசியில் பெரும்பகுதி முடிவில் வயிற்றுக்கே போகிறது. இரும்புத் துருவானால் பெரிய கேடில்லை. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் இடத்தில் இதே வழியாகவும் ஈயம் குடலுக்குள் புகுகிறது என்பதை மறக்கலாகாது.

லக்னோவில் அக்காலத்தில் தொழில் நச்சியல் ஆராய்ச்சி மையம் எனப்பட்ட நிறுவனத்தார் எலிகளுக்கு நிலக்கரி, சிலிக்கா முதலிய தூசிகளோடு வெல்லத்தையும் கொடுத்துச் சோதித்து, வெல்லம் உண்ட எலிகளில் தூசி சுவாசப்பையிலிருந்து நிணநீர்க் கணுக்களுக்கு அதிகமாக இடம்பெயர்ந்ததாக 1994-இல் வெளியிட்டார்கள். சுவையான செய்திதான். ஆனால் எலியில் கண்டதை வைத்துக்கொண்டு முதலாளி ஒருவர் புகைவடிகட்டிக்குப் பதிலாக வெல்லக்கட்டி வாங்கி வைப்பாரானால், அது விஞ்ஞானத்தைத் துணைக்கழைக்கும் கஞ்சத்தனம் என்பேன்.

இழை தளரும்போது

இந்த ஏற்பாடு மூன்று விதங்களில் கெடுகிறது: இழை கெடுவது, நீர் வற்றுவது, கோழை மிகுவது. பீடியும் சிகரெட்டும் மூன்றையும் ஒருங்கே செய்கின்றன. புகைபிடிப்போரின் இழைகள் உயரம் குன்றுகின்றன, கோப்பை உயிரணுக்கள் பெருகிக் கோழையை மிகுதியாகச் சுரக்கின்றன, ஓட்டம் தாமதிக்கிறது. அப்போது சரீரம் கையாளும் மாற்று வழி இருமல். இருமல் பலமான உபாயம். ஆனால் பெரிய குழல்களை மட்டுமே சுத்தம் செய்ய வல்லது. நுண்கிளைகளில் காற்றின் வேகம் போதாது. உலைக்கூடத்தில் நின்றுகொண்டு பீடியும் குடிப்பவர், தூசி அதிகமாக வரும் நேரத்தில் அதை வெளியேற்றும் கருவியையும் தம் கையாலேயே முடக்குகிறார்.

குழந்தைகளைப் படுத்தும் கக்குவான் இருமல், இழையின் நோய் என்றே சொல்லத்தக்கது. அதன் கிருமி சுவாசப் பாதையில் இழையுள்ள உயிரணுக்களையே தேடிப் பற்றிக்கொள்கிறது. அதன் நஞ்சு அவற்றை உதிர்த்துவிடுகிறது. கிருமி ஒழிந்த பின்னும் புதிய இழைகள் முளைக்கும் வரை கோழையை இருமித்தான் எடுக்க வேண்டும். ஆகையால் குழந்தை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், முகம் சிவக்க இருமுகிறது. இன்புளுயன்சாவும் இவ்வாறே இழையணுக்களை அழித்து, பின்வரும் பாக்டீரியாக்களுக்கு வழி திறந்துவிடுகிறது. 1918-இல் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன அந்தக் கொள்ளைநோயில், மாண்டவர்களில் மிகப் பலரை முடித்தது இப்படிப் பின்னால் வந்த நிமோனியாவே என்பது இக்கால ஆராய்ச்சியாளர் முடிவு.

நீரின் முக்கியத்துவத்தைக் காட்டுவது ஐரோப்பிய வம்சத்தாரிடம் அதிகமாகவும் நம்மிடம் அரிதாகவும் காணும் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் பிறவி நோய். அதில் இழைகள் பழுதற்றவை. உப்பையும் நீரையும் குழலுக்குள் விடும் வாயில் பழுது. கோழை இறுகி இழைகளை அமுக்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் இந்நோயுள்ள இளைஞர்களில் கடலில் அலைச்சறுக்கு ஆடுபவர்கள் மற்றவர்களைவிட நலமாக இருப்பதை வைத்தியர்கள் கவனித்தார்கள். கடல்நீரின் உப்பு, குழலின் சுவரிலிருந்து நீரை இழுத்துக் கோழையை இளக்குகிறது என்ற ஊகம் பிறந்தது. அடர்ந்த உப்புநீரை நுண்துளிகளாக்கிச் சுவாசிக்கச் செய்யும் சிகிச்சை பயன் தருகிறது என்று 2006-இல் நிலைநாட்டப்பட்டது.

இழைகளின் வேகத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மூக்கின் உட்புறத்திலும் இதே இழைகள்தாம். நாசித் துவாரத்திலிருந்து சிறிது உள்ளே சாக்கரின் துணுக்கு ஒன்றை வைத்துவிட்டு, அடிநாக்கில் எப்போது இனிப்புத் தெரிகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்ல நிலையில் இருபது நிமிஷத்துக்குள் தெரிந்துவிடும். அரை மணிக்கு மேலானால் சந்தேகிக்க வேண்டும். 1974 முதல் வழக்கில் உள்ள இந்த முறைக்குப் பெரிய உபகரணம் எதுவும் வேண்டியதில்லை.

இடம் மாறிய இருதயம்

சிலருக்கு இழைகள் பிறவியிலேயே அசைவதில்லை. 1933-இல் ஸூரிக் நகரத்து வைத்தியர் மானெஸ் கார்டகெனர், ஓயாத சளி, மூக்கடைப்பு, கிளைக்குழல்கள் விரிந்து சீழ்கட்டும் நோய் ஆகியவற்றோடு, இருதயம் வலப்புறமாகவும் ஈரல் இடப்புறமாகவும் மாறி அமைந்திருந்த சிலரை விவரித்தார். சளிக்கும் இருதயத்தின் இடத்துக்கும் என்ன சம்பந்தம்? நாற்பது வருஷங்களுக்கு மேல் விடையில்லை. 1976-இல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பியோர்ன் அஃப்ஸீலியஸ், விந்தணுக்கள் அசையாததால் பிள்ளைப்பேறு இல்லாத நால்வரைப் பற்றி எழுதினார். அவர்களுள் மூவருக்குக் கார்டகெனர் சொன்ன அமைப்பு இருந்தது. விந்தணுவின் வாலிலும் மூச்சுக்குழலின் இழையிலும் அந்த டைனீன் கரங்கள் காணப்படவில்லை. கருவின் ஆரம்ப நிலையில் இழைகள் ஒரு பக்கமாகச் சுழன்று உண்டாக்கும் சிறு நீரோட்டமே சரீரத்திற்கு இடம் வலம் கற்பிக்கிறது என்பதை 1998-இல் ஹிரோகவா என்னும் ஜப்பானியரின் குழு எலிக்கருவில் காட்டியது. அந்த ஓட்டம் இல்லாவிட்டால் இடமும் வலமும் தற்செயலாக அமைகின்றன. அதனால்தான் இந்நோயாளிகளில் பாதிப்பேருக்கு மட்டுமே உறுப்புகள் இடம் மாறியிருக்கின்றன.

இந்நோய் பெரும்பாலும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்தால்தான் தோன்றும். அத்தை மகனையும் மாமன் மகளையும் மணம் செய்யும் வழக்கமுள்ள நம் நாட்டில், பிறந்த நாள் தொட்டுச் சளி நீங்காத குழந்தையின் மார்பு எக்ஸ்ரேயில் இருதயம் வலப்புறம் தெரிந்தால், அதைக் காசநோய் என்று முடிவுகட்டுவதற்கு முன் வைத்தியர் இழைகளையும் நினைக்க வேண்டும்.

இழை இல்லாத இடம்

குற்றிழை பதினாறாவது பிரிவோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது என்றோம். காற்று நுண்ணறையில் இழையும் இல்லை, கோழையும் இல்லை. இருந்தால் பிராணவாயு இரத்தத்தை எட்டாது. அங்கே படியும் துகளை விழுங்குவதற்குப் பெருவிழுங்கி என்னும் உயிரணுக்கள் உலவுகின்றன. அவற்றின் வேலை நாட்கணக்கிலல்ல, மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் நடப்பது. வார்ப்படச் சாலையின் மணலிலும் கல்குவாரியிலும் உள்ள சிலிக்காவை விழுங்கினாலோ, விழுங்கிய உயிரணுவே மடிந்து, துகள் மறுபடி வெளிப்பட, அடுத்தது அதை விழுங்கி மடிய, அந்த இடம் தழும்பேறிக் கெட்டியாகிறது. சிலிக்கோஸிஸ் எனப்படும் அந்நோயை 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், அரசுக்கு அறிவித்தே தீர வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

மொட்டைமாடியில் காயப்போட்ட வேட்டியைக் கறுப்பாக்குவதும், அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரிச் சாம்பலாக இலைகளின்மேல் படிவதும், செங்குன்றத்து அரிசி ஆலைகளின் உமிக்கரியாகக் கண்ணில் விழுவதும் பெரும்பாலும் பருத்த தூசி. மாசைப் பற்றி மனுக்கொடுப்பவர்கள் அதைத்தான் சுட்டிக்காட்டுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதானே. அதில் பெரும்பங்கு மூக்கில் தங்கும். மீதியை இழைகள் மேலேற்றிவிடும். ஆனால் துத்தநாகம் பூசிய தகடும் பெயிண்ட் பூசிய கம்பியும் கலந்த பழைய இரும்பை மின்தூண்டல் உலையில் இடும்போது எழும் ஆவி குளிர்ந்து உண்டாகும் துகள்களில் மிகப் பல ஒரு மைக்ரானுக்கும் குறைந்தவை. அவை வேட்டியில் கறையாகத் தெரிவதில்லை, தொண்டையில் கரகரப்பதில்லை, காலைக் கபத்தில் கோடாகவும் வருவதில்லை. ஆகவே கபம் கறுப்பாக வருகிறதே என்று அஞ்சுகிறவரிடம், வந்த கறுப்பு வெளியேறிய சரக்கு, கணக்கில் எடுக்க வேண்டியது வராத சரக்கு என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் அளவை நிலையம் இருக்கிறது. அத்தகைய நிலையங்களின் எண்கள் எடையைச் சொல்லுகின்றன, எண்ணிக்கையை அல்ல. பத்து மைக்ரான் துகள் ஒன்று, ஒரு மைக்ரான் துகள் ஆயிரத்தின் எடைக்குச் சமம். ஆகையால் பருத்த தூசி குறைந்தவுடன் பத்து மைக்ரானுக்குரிய எண் கணிசமாக இறங்கிவிடலாம். அதே காற்றில் ஆழத்துக்குப் போகும் துகள்களின் தொகை அப்படியே இருக்கலாம். இரண்டரை மைக்ரானுக்குரிய எண்ணைத் தனியே பார்க்கச் சொல்வது இதனால்தான். அதற்கு இந்திய விதி 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமும் வருஷச் சராசரியாக 40-ம் அனுமதிக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வருஷச் சராசரிக்குச் சொன்ன அளவு 5.

தொழிலாளர்கள் முகத்தில் சுற்றிக்கொள்ளும் துண்டு, இழைகளாலேயே சமாளிக்கத்தக்க பருத்த தூசியைத் தடுக்கிறது. நுண்துகள் அதன் கண்கள் வழியே புகுந்துவிடும். முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 கவசம் அவற்றையும் பிடிக்கும். ஆனால் உலைச் சூட்டில் எட்டு மணி நேரம் அதை அணிந்து நிற்கச் சொல்லுகிறவர் ஒரு மணி நேரம் தாமே அணிந்து பார்ப்பது நல்லது. உலையின் வாயிலேயே புகையை உறிஞ்சும் கூண்டும், அதைத் துணிப்பைகள் வழியே செலுத்தும் வடிகட்டியும் ஒரு மைக்ரானுக்குக் குறைந்தவற்றையும் பெரும்பாலும் நிறுத்திவிடும். பழைய இரும்பை உலைக்குள் கொட்டும் அந்தச் சில நிமிஷங்களில்தான் ஆவி மிகுதியாக எழுகிறது. கிரேனுக்கு இடம் விடுவதற்காகக் கூண்டை ஒதுக்கி வைப்பதும் அநேகமாக அதே நிமிஷங்களில்தான்.